வங்கிப் பக்கத்திலிருந்து வரவு செலவு மென்பொருளுக்கு: உலாவி நீட்சி வைத்துக் கணக்கை ஏற்றும் முறை

கண்டனூரில் இருக்கும் எங்கள் பழைய வீட்டுக்குப் பங்காளிகள் பலர். பக்கத்தில் காரைக்குடியில் இருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் பொதுக்கணக்கு என் தலையில் விழுந்தது. மின்கட்டணம், வீட்டுவரி, காவல்காரர் சம்பளம், மழைக்கு முன் ஓடு மாற்றும் கூலி எல்லாம் இரண்டு வங்கிக் கணக்குகளிலிருந்து போகின்றன. மாதம் பிறந்தால் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கணக்குக் கேட்பார்கள். கையால் பதிந்து அலுத்துப்போய்த்தான் இந்த வழிக்கு வந்தேன்.

நான் பயன்படுத்துவது ஆக்சுவல் பட்ஜெட். இலவசம், திறந்த மூல மென்பொருள், தரவு நம் கணினியிலேயே இருக்கும். மாதச் சந்தா கட்டி வரவு செலவு எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சிக்கனம் பார்க்கத்தானே கணக்கு எழுதுகிறோம்?

"பொத்தானை அழுத்தினால் வங்கிக் கணக்கு தானாக வந்துவிடாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஐரோப்பா, அமெரிக்கா, பிரேசில் வங்கிகளுக்கு அப்படி இணைப்புச் சேவைகள் உண்டு. இங்கே ரிசர்வ் வங்கி 2016இல் விதி வகுத்து, 2021 செப்டம்பரில் புழக்கத்துக்கு வந்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறை இருக்கிறது; நம் சம்மதத்தோடு வங்கித் தகவலை இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்பும் ஏற்பாடு அது. ஆனால் அதில் தகவலைப் பெறுபவர் நிதித்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்றின் கீழ் வரும் நிறுவனமாக இருக்க வேண்டும். நம் மடிக்கணினியில் ஓடும் மென்பொருளுக்கு அங்கே இடமில்லை. ஆகவே நாமே உள்ளே போய், திரையில் தெரியும் பட்டியலை நீட்சியால் (உலாவியில் நாம் சேர்த்துக்கொள்ளும் சிறு செயலி, எக்ஸ்டென்ஷன்) அள்ளி, மென்பொருளில் கொட்ட வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உங்கள் வங்கியின் நெட் பேங்கிங்கில் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) கோப்பாகத் தரவிறக்கும் வசதி இருந்தால் நீட்சியே வேண்டாம். நேராக நான்காம் படிக்குப் போகலாம். என்னுடைய இரண்டு வங்கிகளில் ஒன்று பூட்டுப் போட்ட பிடிஎஃப் மட்டும்தான் தருகிறது. அதற்காகத்தான் இத்தனை பாடு.

முதல் படி: நீட்சியைத் தேர்ந்தெடுத்தல்

வங்கியின் கடவுச்சொல்லைக் கேட்கும் நீட்சி எதுவாக இருந்தாலும் தொடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுத்ததால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் முழுவதும் வாடிக்கையாளரைச் சேர்ந்தது என்று 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை சொல்கிறது.

நமக்கு வேண்டியது பக்கத்தில் இருக்கும் அட்டவணையைப் படித்து நகலெடுக்கும் நீட்சி மட்டுமே. நான் குரோமில் டேபிள் கேப்சர் வைத்திருக்கிறேன். வேறு எதுவானாலும் சரி, டேப் இடைவெளியோடு நகலெடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காற்புள்ளியால் பிரிக்கும் சில நீட்சிகள், 1,25,000.00 என்ற தொகையை மூன்று துண்டாக்கி மூன்று கட்டங்களில் போட்டுவிடும்.

இரண்டாம் படி: கடிவாளம் போடுதல்

குரோமில் வங்கி வேலைக்கென்று தனியாக ஒரு புரொஃபைல் திறந்து, இந்த ஒரு நீட்சியை மட்டும் அதில் நிறுவுங்கள். நீட்சியின் விவரப் பக்கத்தில், தளங்களைப் படிக்கும் அனுமதி என்ற இடத்தில் 'எல்லாத் தளங்களிலும்' என்பதை எடுத்துவிட்டு 'சொடுக்கும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். அட்டவணையைப் படிக்க முடிகிற நீட்சி அந்தப் பக்கத்தில் இருக்கும் மற்ற எதையும் படிக்க முடியும். இன்று நல்லவர் கையில் இருக்கும் நீட்சி நாளை விலைபோகலாம். புதுப் பதிப்பு நம்மிடம் சொல்லாமலே வந்து உட்காரும்.

மூன்றாம் படி: அள்ளுதல்

வழக்கம்போல நீங்களே உள்ளே நுழையுங்கள், ஓடிபி உட்பட. ஸ்டேட்மென்ட் பக்கத்தில் தேதி வரம்பைக் கொடுங்கள். முடிவுத் தேதி நேற்றாக இருக்கட்டும். இன்று என்று கொடுத்தால் மாலையில் நடக்கும் வரவு செலவு விடுபடும். அடுத்த முறை அந்த முடிவுத் தேதிக்கு மறுநாளிலிருந்து எடுத்தால் இரட்டிப்பு வராது.

பக்கத்துக்குப் பத்து வரிகளாகக் காட்டினால், எவ்வளவு கூட்ட முடியுமோ கூட்டுங்கள். திரையில் இல்லாத வரியை நீட்சி எடுக்காது. பிறகு நீட்சியின் படத்தைச் சொடுக்கினால் பக்கத்தில் இருக்கும் அட்டவணைகள் வரிசையாக வரும். வரி எண்ணிக்கை அதிகமாக இருப்பதுதான் பெரும்பாலும் நம்முடையது. அதை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி, யூடிஎஃப்-8 முறையில், கோப்பின் பெயர் டிஎஸ்வி (.tsv, டேப்பால் பிரித்த கோப்பு) என முடியும்படி சேமியுங்கள்.

அட்டவணையே இல்லை என்று நீட்சி சொன்னால் பதற வேண்டாம். பழைய நெட் பேங்கிங் தளங்கள் சில, பட்டியலைப் பக்கத்துக்குள் இன்னொரு சட்டகத்தில் (ஃபிரேம்) வைத்திருக்கும். 'அச்சிடுக' என்பதை அழுத்தினால் தனிச் சாளரம் திறக்கும். அதிலிருந்து எடுக்க வரும்.

நான்காம் படி: எக்செலில் திறக்காமல் இருத்தல்

இதையும் ஒரு படி என்றே எழுதுகிறேன். கோப்பைக் கண்டதும் இருமுறை சொடுக்கி எக்செலில் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும். அமெரிக்கத் தேதி முறையில் அமைந்த கணினியில் 05/06 என்பதை எக்செல் மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 13ஆம் தேதி முதல் உள்ளவற்றைத் தொடாது, ஏனென்றால் பதின்மூன்றாவது மாதம் இல்லை. அதனால் மாதத்தின் முற்பாதி மட்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரை சிதறிப்போகும்.

இதில் வஞ்சகம் என்னவென்றால், தொகைகள் மாறுவதில்லை. கூட்டினால் இருப்பு பைசா சுத்தமாக ஒட்டும், எந்தச் சந்தேகமும் வராது. ஜூன் 5 அன்று கொடுத்த காவல்காரர் சம்பளம் மே மாதத்தில் போய் உட்கார்ந்து, "மேயில் இரண்டு சம்பளம், ஜூனில் ஒன்றுமில்லையே, ஆள் நின்றுவிட்டாரா?" என்று சிங்கப்பூர்ச் சித்தப்பா கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

தேதியோடு நிற்பதும் இல்லை. யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண் தனிக் கட்டத்தில் இருந்தால் அதை 4.12E+11 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கியது சுருங்கியதுதான். எந்தக் கொத்தனாருக்கு அனுப்பிய பணம் என்று பிறகு தேட வழியில்லை.

பார்க்க வேண்டுமானால் நோட்பேடில் பாருங்கள். திருத்தியே ஆக வேண்டுமென்றால் லிப்ரேஆபீஸில் திறக்கும்போது வரும் பெட்டியில் எல்லா நெடுவரிசைகளையும் 'உரை' என்று குறித்துவிட்டுத் திறங்கள்.

ஐந்தாம் படி: ஏற்றுதல்

ஆக்சுவலில் அந்த வங்கிக் கணக்கைத் திறந்து இம்போர்ட் கொடுத்து, கோப்பைக் காட்டுங்கள். பிரிக்கும் குறி டேப்; வங்கி தந்த சிஎஸ்வி என்றால் காற்புள்ளி. தேதி முறை நாள், மாதம், ஆண்டு. வரவும் செலவும் தனித்தனி நெடுவரிசை என்ற கட்டத்தில் டிக் செய்து, டெபிட்டைச் செலவாகவும் கிரெடிட்டை வரவாகவும் காட்டுங்கள். கீழே முன்னோட்டம் தெரியும். முதல் வரியையும் கடைசி வரியையும் ஸ்டேட்மென்டோடு ஒப்பிட்டுவிட்டு ஏற்றுங்கள்.

வங்கி எழுதும் நீண்ட விவரத்தைப் பெறுநர் என்ற இடத்தில் போடாமல் குறிப்பில் போடுவதே என் வழக்கம். இல்லாவிட்டால் ஒவ்வொரு யுபிஐ வரிக்கும் ஒரு புதுப் பெறுநர் முளைத்து, பட்டியல் கல்யாண வீட்டு மொய் நோட்டு போல நீளும். குறிப்பில் இன்ன சொல் இருந்தால் இன்ன தலைப்பு என்று விதிகள் எழுதி வைத்தால், மின்கட்டணமும் வரியும் தாமாகவே இடம் பார்த்து உட்காரும்.

கடைசியாக ரீகன்சைல், அதாவது வங்கி இருப்போடு நம் கணக்கை ஒத்துப் பார்ப்பது. வங்கி காட்டும் இருப்பைத் தட்டினால் வித்தியாசம் தெரியும். சுழியம் வரும் வரை விடாதீர்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களில் ஒரே நாளில் கிளை திறந்தது. அந்த மூன்று ஊர்க் கணக்கும் பேனாவும் பேரேடுமாக ஒட்டியது என்றால், நம் இரண்டு கணக்கு ஒட்டாமல் போக நியாயமில்லை.

பின்சேர்க்கை: தேவகோட்டையிலிருந்து ஒரு நண்பர் கேட்டது. அவருடைய வங்கி வரவையும் செலவையும் ஒரே நெடுவரிசையில் போட்டு, தொகைக்குப் பின்னால் 'டிஆர்' (டெபிட்), 'சிஆர்' (கிரெடிட்) என்று ஆங்கிலத்தில் ஒட்டிவிடுகிறது. நோட்பேடின் மாற்றும் வசதியில், அந்த எழுத்துகளுக்கு முன்னால் ஒரு டேப் வரும்படி மாற்றச் சொன்னேன். டேப் விசை அந்தப் பெட்டிக்குள் வேலை செய்யாது. கோப்பிலிருந்தே ஒரு டேப் இடைவெளியை நகலெடுத்து ஒட்ட வேண்டும். அப்போது அது தனி நெடுவரிசையாகும். அதைப் பார்த்து வரவா செலவா என்று முடிவு செய்யும் தெரிவு ஆக்சுவலின் இம்போர்ட் பெட்டியிலேயே இருக்கிறது.

இன்னொருவர் கைபேசியில் செய்யலாமா என்றார். ஆண்ட்ராய்டு குரோமில் இந்த நீட்சியை நிறுவ முடியாது, கணினியில் செய்யுங்கள். வேலை முடிந்ததும் தரவிறக்கங்களில் கிடக்கும் ஸ்டேட்மென்ட் கோப்புகளை அழித்துவிடுங்கள், குப்பைத் தொட்டியிலிருந்தும்.