இ.எஸ்.பி.பி. பங்கை விற்ற ஆண்டில் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்புவது எப்படி

அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டு, சம்பளத்தில் பிடித்தம் செய்த பணத்தைக் கொண்டு ஊழியர் பங்குக் கொள்முதல் திட்டம் (இ.எஸ்.பி.பி.) வழியாகத் தம் நிறுவனத்தின் பங்கையே தள்ளுபடி விலையில் வாங்கியவர்கள், அதை விற்ற ஆண்டில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். புரோக்கர் நிறுவனம் அனுப்பும் 1099-பி படிவத்தில் அச்சாகியிருக்கும் அடக்க விலையை உண்மையான அடக்க விலை என்று நம்பிவிடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். படிவத்தை வரி மென்பொருளில் இறக்கினேன், திரையில் வந்த லாபக் கணக்கு சரியாகவே தெரிந்தது, தாக்கல் செய்துவிட்டேன். அந்த லாபத்தின் பெரும்பகுதி நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பள அறிக்கையான என் டபிள்யூ-2 படிவத்தில் சம்பளமாக ஏற்கெனவே ஏறி, அதற்கு ஒரு முறை வரியும் போய்விட்டது என்பது மறு ஆண்டுதான் உறைத்தது.

இந்தத் தவறு கண்ணில் படாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. 3,400 டாலர் போட்டு வாங்கியதை 5,200 டாலருக்கு விற்றால் லாபம் 1,800 டாலர் என்று யாரும் சொல்வார்கள், படிவமும் அதையே சொல்லும். ஆனால் வரிச் சட்டம் அந்த 1,800 டாலரை இரண்டாகப் பிரிக்கிறது. தள்ளுபடியால் கிடைத்த பகுதி ஊதியம். பங்கின் விலை ஏறியதால் கிடைத்த பகுதி மூலதன ஆதாயம். ஊதியப் பகுதி டபிள்யூ-2 வழியாக வருகிறது, மூலதன ஆதாயம் 1099-பி வழியாக வருகிறது. அவை இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்ப்பது படிவம் நிரப்புகிறவரின் பொறுப்பு.

இங்கே பேசுவது அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 423ஆம் பிரிவுக்கு உட்பட்ட திட்டங்களைப் பற்றி மட்டும். இவற்றில் தள்ளுபடி 15 சதவீதம் வரை இருக்கலாம். ஓர் ஊழியர் ஓராண்டில் வாங்கும் பங்குகளின் மதிப்புக்கு, உரிமை வழங்கிய நாளின், அதாவது திட்டக் காலம் தொடங்கிய நாளின், விலைப்படி 25,000 டாலர் என்ற உச்சவரம்பு உண்டு. பல நிறுவனங்கள் ‘லுக்பேக்’ என்ற சலுகையையும் தருகின்றன. அதாவது திட்டக் காலம் தொடங்கிய நாளின் விலை, வாங்கும் நாளின் விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதன் மேல் தள்ளுபடி கணக்கிடப்படும். 423ஆம் பிரிவுக்குள் வராத திட்டங்களில் வாங்கிய அன்றே தள்ளுபடிக்கு வரி பிடித்துவிடுவார்கள். அங்கே கணக்கு வேறு.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டே போவோம். உரிமை வழங்கிய நாள் 2023 பிப்ரவரி 1, அன்றைய பங்கு விலை 40 டாலர். வாங்கிய நாள் 2023 ஜூலை 31, அன்றைய விலை 50 டாலர். குறைந்த விலையான 40 டாலரில் 15 சதவீதம் கழித்து, பங்கு ஒன்றுக்கு 34 டாலர் வீதம் 100 பங்குகளுக்கு 3,400 டாலர் பிடித்தம் ஆயிற்று.

உட்காருவதற்கு முன் நான்கு தாள்களை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பங்கு வாங்கிய ஆண்டுக்கு அடுத்த ஜனவரியில் நிறுவனம் தரும் 3922 படிவம், விற்ற ஆண்டின் டபிள்யூ-2, விற்ற ஆண்டின் 1099-பி, அதனுடன் புரோக்கர் தனியாக வெளியிடும் துணைத் தகவல் அறிக்கை ஆகியவையே அவை. இவற்றில் 3922 படிவத்தைத்தான் பலரும் தொலைத்துவிடுகிறார்கள், ஏனென்றால் அது வரும் ஆண்டில் அதனால் எந்த வேலையும் இல்லை. வரித் தாக்கலுடன் அதை இணைக்கவும் வேண்டியதில்லை. ஆனால் நமக்கு வேண்டிய எண்கள் அத்தனையும் அதில்தான் இருக்கின்றன. 1ஆம் கட்டத்தில் உரிமை வழங்கிய நாள், 2இல் வாங்கிய நாள், 3இல் உரிமை வழங்கிய நாளின் சந்தை விலை, 4இல் வாங்கிய நாளின் சந்தை விலை, 5இல் நாம் கொடுத்த விலை, 6இல் பங்குகளின் எண்ணிக்கை. 8ஆம் கட்டத்தைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

அடுத்து, விற்பனை எந்த வகை என்று முடிவு செய்ய வேண்டும். உரிமை வழங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளும், வாங்கிய நாளிலிருந்து ஓர் ஆண்டும் கடந்த பிறகு விற்றால் அது தகுதி பெற்ற விற்பனை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் தகுதி பெறாத விற்பனை. நம் எடுத்துக்காட்டில் 2025 பிப்ரவரி 1 கடந்திருக்க வேண்டும். இதற்கும், மூலதன ஆதாயம் நீண்டகாலமா குறுகியகாலமா என்ற கேள்விக்கும் தொடர்பில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் விற்றிருந்தால் வாங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் ஆதாயம் நீண்டகால ஆதாயம்தான், ஆயினும் விற்பனை தகுதி பெறாததே. 24 மாதத் திட்டத்தில் நான்கு முறை வாங்கியவர்களுக்கு நான்குக்கும் உரிமை நாள் ஒன்றாகவே இருக்கலாம், வாங்கிய நாள் நான்கும் வேறு. ஆகவே ஒவ்வொரு தொகுப்பையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

தகுதி பெறாத விற்பனையில் கணக்கு எளிது. வாங்கிய நாளின் சந்தை விலையிலிருந்து நாம் கொடுத்த விலையைக் கழித்தால் வருவது ஊதிய வருமானம். 3922 படிவத்தின் 4ஆம் கட்டத்திலிருந்து 5ஆம் கட்டத்தைக் கழித்து, பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். 50இல் 34 போக 16, நூறு பங்குக்கு 1,600 டாலர். இந்தத் தொகை டபிள்யூ-2 படிவத்தின் 1ஆம் கட்டத்துக்குள் சேர்ந்திருக்கும்; சில நிறுவனங்கள் 14ஆம் கட்டத்தில் அதைத் தனியாகவும் எழுதிக் காட்டும். இப்போது உண்மையான அடக்க விலை 3,400 அல்ல, அத்துடன் 1,600 கூட்டிய 5,000 டாலர். 2024 மார்ச் 11 அன்று பங்கு 52 டாலருக்கு விற்றிருந்தால், விற்ற தொகை 5,200, குறுகியகால மூலதன ஆதாயம் 200 டாலர் மட்டுமே.

1099-பி படிவம் இந்த 5,000 டாலரைக் காட்டாமல் 3,400 டாலரைக் காட்டுவது புரோக்கரின் கவனக்குறைவு அன்று. 2014 ஜனவரி 1 முதல் வழங்கப்பட்ட உரிமைகளுக்கு, ஊதியமாக வரி விதிக்கப்படும் தொகையை அடக்க விலையில் சேர்த்து, அமெரிக்காவில் வரி வசூலிக்கும் ஐ.ஆர்.எஸ். துறைக்குத் தெரிவிக்கக் கூடாது என்பது விதி. விதியே அப்படி இருப்பதால் புரோக்கரிடம் தொலைபேசியில் சண்டை போட்டுப் பயனில்லை. சரியான விலையை அவர்கள் துணைத் தகவல் அறிக்கையில், திருத்திய அடக்க விலை என்ற பெயரில் பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள். அந்த அறிக்கை ஐ.ஆர்.எஸ். துறைக்குப் போவதில்லை, நமக்கு மட்டும் வருவது. 1099-பி படிவத்தோடு ஒரே கோப்பில் வராமல் தனி இணைப்பாகவும் இருக்கக்கூடும் என்பதால் தேடி எடுக்க வேண்டும்.

திருத்தத்தை எழுதும் இடம், விற்பனைகளைப் பட்டியலிடும் 8949 படிவம். ஓராண்டோ அதற்குக் குறைவாகவோ வைத்திருந்ததை முதல் பகுதியிலும், அதற்கு மேல் வைத்திருந்ததை இரண்டாம் பகுதியிலும் எழுதுகிறோம். அடக்க விலையை ஐ.ஆர்.எஸ். துறைக்குத் தெரிவித்துவிட்டதாக 1099-பி சொன்னால், முதல் பகுதியில் ‘ஏ’ அல்லது இரண்டாம் பகுதியில் ‘டி’ என்ற தேர்வைக் குறிக்க வேண்டும். இங்கேதான் அடுத்த சறுக்கல் காத்திருக்கிறது. அடக்க விலை தவறு என்று தெரிந்ததும் 3,400 என்பதை அடித்துவிட்டு 5,000 என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. ‘டி’ நிரலில் விற்ற தொகை 5,200, ‘இ’ நிரலில் 1099-பி சொன்னபடியே 3,400, ‘எஃப்’ நிரலில் ‘பி’ என்ற குறியீடு, ‘ஜி’ நிரலில் கழித்தல் தொகையாக 1,600, கடைசியாக ‘எச்’ நிரலில் 200. ஐ.ஆர்.எஸ். கணினி தன்னிடம் உள்ள 3,400 டாலரோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது எண் பொருந்தும், திருத்தமும் ஒளிவுமறைவின்றி அடுத்த நிரலில் நிற்கும். அடக்க விலை அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று 1099-பி சொல்லும் பங்குகளுக்கு மட்டும், ‘பி’ அல்லது ‘இ’ தேர்வின் கீழ், சரியான விலையை நேரடியாக ‘இ’ நிரலில் எழுதி ‘ஜி’ நிரலில் பூச்சியம் போடலாம். கூட்டுத்தொகைகள் அங்கிருந்து மூலதன ஆதாயத்தைத் தொகுக்கும் ஷெட்யூல் டி படிவத்துக்கும், பின்னர் 1040 என்ற முதன்மை வரிப் படிவத்துக்கும் போகும்.

மென்பொருளில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில மென்பொருள்கள் இது ஊழியர் திட்டப் பங்கா என்று கேட்டு, ஆம் என்றால் ஊதியப் பகுதியைத் தாமே கணக்கிட்டுச் சம்பளத் தொகையில் கூட்டிவிடும். டபிள்யூ-2 படிவத்தில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்ற கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லாவிட்டால், ஒரு பக்கம் இரட்டை வரியை நீக்கி மறு பக்கம் அதையே மீண்டும் கொண்டுவந்தது போலாகும். எந்த வழியில் போனாலும், தாக்கலுக்கு முன் 1040 படிவத்தின் 1ஏ வரிசையில் உள்ள சம்பளத் தொகையை டபிள்யூ-2 தொகையோடு கையால் ஒப்பிட்டுவிடுவது நல்லது.

தகுதி பெற்ற விற்பனையில் ஊதியப் பகுதி பொதுவாகச் சிறியது. விற்ற விலைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வேறுபாடு ஒன்று. உரிமை நாளின் சந்தை விலைக்கும், அன்றே வாங்கியிருந்தால் கொடுத்திருக்கக்கூடிய விலைக்கும் உள்ள வேறுபாடு மற்றொன்று. இரண்டில் குறைந்ததுதான் ஊதியம். 2025 மார்ச் 10 அன்று 60 டாலருக்கு விற்றதாகக் கொண்டால், முதலாவது 26, இரண்டாவது 6. ஆகவே ஊதியம் 600 டாலர், அடக்க விலை 4,000, நீண்டகால ஆதாயம் 2,000. இந்த இரண்டாவது வேறுபாட்டுக்கு 3922 படிவத்தின் 3ஆம் கட்டத்திலிருந்து 8ஆம் கட்டத்தைக் கழிக்க வேண்டும், 5ஆம் கட்டத்தை அல்ல. நம் எடுத்துக்காட்டில் இரண்டும் 34 என்பதால் வேறுபாடு தெரியாது. ஆனால் வாங்கிய நாளில் விலை 30 டாலராக இறங்கியிருந்தால் நாம் கொடுத்தது 25.50 டாலர், 8ஆம் கட்டத்தில் அப்போதும் 34 தான் இருக்கும். கட்டத்தை மாற்றிக் கழித்தவர் பங்குக்கு 6 டாலர் ஊதியம் காட்ட வேண்டிய இடத்தில் 14.50 டாலர் காட்டிவிடுவார்.

விலை இறங்கிய பிறகு விற்றால் இரண்டு வகைகளும் வெவ்வேறு திசையில் போகும். தகுதி பெற்ற விற்பனையில் நட்டம் வந்தால் ஊதியம் என்று எதுவும் இல்லை. 34 டாலருக்கு வாங்கியதை 30 டாலருக்கு விற்றவருக்கு 400 டாலர் நீண்டகால நட்டம், அவ்வளவுதான். தகுதி பெறாத விற்பனையிலோ, பங்கை 45 டாலருக்கு விற்றாலும் ஊதியம் அதே 1,600 டாலர், கூடவே 500 டாலர் மூலதன நட்டம். அந்த நட்டத்தைப் பிற மூலதன ஆதாயங்களோடு கழித்துக்கொள்ளலாம். மிஞ்சியதில் ஆண்டுக்கு 3,000 டாலர் வரைதான் மற்ற வருமானத்திலிருந்து கழிக்க முடியும், எஞ்சியது அடுத்த ஆண்டுகளுக்குப் போகும். சரிந்துகொண்டிருக்கும் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு தகுதிக்காகக் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், என்றாலும் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யவும் கூடாது.

நட்டத்தில் விற்பவர் வாஷ் சேல் விதியையும் நினைவில் வைக்க வேண்டும். விற்ற நாளுக்கு முன்போ பின்போ 30 நாட்களுக்குள் அதே பங்கை வாங்கியிருந்தால், அத்தனை பங்குகளின் நட்டத்தை அப்போதைக்குக் கழிக்க முடியாது. அது புதிதாக வாங்கிய பங்கின் அடக்க விலையில் ஏறிக்கொள்ளும். நிறுவனம் தானாகச் செய்யும் அடுத்த இ.எஸ்.பி.பி. கொள்முதலும் வாங்கியதாகவே கணக்கு. ஈவுத்தொகையில் தானாக வாங்கிச் சேரும் அரைப்பங்கு கால்பங்குகூட இதில் அடக்கம். அப்படிச் சேர்ந்த சில்லறைப் பங்குகளுக்குத் தள்ளுபடி கிடையாது என்பதால், அவற்றை விற்கும்போது மேற்சொன்ன திருத்தமும் கிடையாது.

டபிள்யூ-2 படிவத்தில் ஊதியப் பகுதி சேராமலே போவதும் உண்டு. பங்கை வேறு புரோக்கர் கணக்குக்கு மாற்றியவர்கள், வேலையை விட்டுப் போய்ச் சில ஆண்டுகள் கழித்து விற்றவர்கள் ஆகியோரின் விற்பனை பழைய நிறுவனத்துக்குத் தெரியாமல் போகலாம். அதனால் வரி இல்லை என்று ஆகாது. தொகையை நாமே கணக்கிட்டு 1040 படிவத்தில் வருமானமாகக் காட்டி, அதே தொகையை அடக்க விலையிலும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆண்டின் கடைசிச் சம்பளச் சீட்டை எடுத்து டபிள்யூ-2 தொகையோடு ஒப்பிட்டாலே சேர்ந்ததா இல்லையா என்று ஓரளவு புரியும், புரியாவிட்டால் நிறுவனத்தின் சம்பளப் பிரிவைக் கேட்பது ஒன்றே வழி.

இந்த ஊதியத்துக்கு நிறுவனம் வரி பிடித்தம் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. சமூகப் பாதுகாப்பு வரி, முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரி ஆகியவையும் இதற்குக் கிடையாது. ஆகவே நிறைய விற்ற ஆண்டில் ஏப்ரலில் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை திடுக்கிட வைக்கும். அபராதம் வராமலிருக்க, அந்த ஆண்டு வரியில் 90 சதவீதமோ, முந்தைய ஆண்டு வரியில் 100 சதவீதமோ முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முந்தைய ஆண்டு வருமானம் 1,50,000 டாலருக்கு மேல் என்றால் அது 110 சதவீதம். மாநில வரி தனிக் கதை. கலிபோர்னியாவில் நீண்டகால ஆதாயத்துக்குச் சலுகை விகிதமே இல்லை, டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லை.

பழைய ஆண்டுகளில் திருத்தம் செய்யாமல் கட்டிவிட்டவர்கள் 1040-எக்ஸ் படிவத்தின் மூலம் பணத்தைத் திரும்பப் பெறலாம். தாக்கல் செய்ததிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு. நம் எடுத்துக்காட்டில், 24 சதவீத வரி வரம்பில் இருப்பவர் அந்த 1,600 டாலருக்கு அதிகமாகக் கட்டியது 384 டாலர். ஆண்டுக்கு இரண்டு கொள்முதல் என்று சில ஆண்டுகள் விட்டிருந்தால் தொகை ஆயிரங்களில் நிற்கும். திருத்திய 8949 படிவத்தையும் ஷெட்யூல் டி படிவத்தையும் அதனுடன் இணைத்து, விளக்கம் எழுதும் இடத்தில், இந்த ஊதியம் டபிள்யூ-2 படிவத்தில் ஏற்கெனவே சேர்ந்துள்ளது, 1099-பி அடக்க விலையில் சேரவில்லை என்று இரண்டு வரி எழுதினால் போதும். மாநில வரியும் கட்டியிருந்தால் அந்த மாநிலத்தின் திருத்தப் படிவத்தைத் தனியாக அனுப்ப வேண்டும். மத்திய வரியைத் திருத்தியதால் அது தானாகத் திருந்திவிடாது.