மத்தியச் சிறையில் மனு பார்ப்பது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

வீட்டில் ஒருவரை ரிமாண்ட் செய்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், மறுநாள் காலையிலேயே ஒரு பை நிறையப் பழமும் துணியும் எடுத்துக்கொண்டு சிறை வாசலுக்கு ஓடுவதுதான் வழக்கம். அப்படிப் போகிறவர்களில் பலர் அவரைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். காரணம் அநேகமாக இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்: வந்த சிறை தவறு, சொன்ன பெயர் பதிவேட்டோடு பொருந்தவில்லை, அல்லது அன்று மனு நாள் (கைதியைச் சந்திக்க விடும் நாள்) இல்லை. மூன்றையும் வீட்டிலிருந்தே சரிபார்த்துவிடலாம். அதனால் இந்த விளக்கத்தில் வாசலுக்குப் போவதற்கு முந்தைய வேலைகளுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

1. எந்தச் சிறை என்று உறுதி செய்யுங்கள்

தமிழ்நாட்டில் மத்தியச் சிறைகள் ஒன்பது: புழல் ஒன்று, புழல் இரண்டு, வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை. பெண்களுக்கான தனிச்சிறைகள் புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை ஆகிய ஐந்து இடங்களில் இருக்கின்றன. இவை தவிர ஊர் ஊராகக் கிளைச் சிறைகளும் உண்டு.

"புழலில் இருக்கிறார்" என்று மட்டும் தெரிந்தால் போதாது. ஒரே வளாகத்தில் தண்டனைக் கைதிகளுக்கு ஒன்றாம் சிறை, விசாரணைக் கைதிகளுக்கு இரண்டாம் சிறை, பெண்களுக்குத் தனிச்சிறை என மூன்று தனித்தனி நிர்வாகங்கள் இருக்கின்றன. ஒன்றில் பதிந்த மனு மற்றொன்றில் செல்லாது.

கைது செய்த விவரத்தையும், எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் உறவினருக்கோ நண்பருக்கோ சொல்வது காவல்துறையின் கடமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 48-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. எந்தச் சிறை என்பது மாஜிஸ்திரேட்டின் ரிமாண்ட் உத்தரவிலேயே இருக்கும். வக்கீலிடம் அந்த உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிளைச் சிறையில் வைத்துவிட்டு, பிறகு மத்தியச் சிறைக்கு மாற்றுவது சகஜம். குண்டாஸ் (குண்டர் தடுப்புக் காவல் சட்டம்) போட்டாலும் ஆள் பெரும்பாலும் மத்தியச் சிறைக்குப் போய்விடுவார். ஆகவே முன்பு போய்ப் பார்த்த சிறையாகவே இருந்தாலும், கிளம்பும் முன் அந்தச் சிறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, ஆள் அங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

2. பதிவேட்டில் உள்ள பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டில் கூப்பிடும் பெயர் சிறைக்குத் தெரியாது. எஃப்ஐஆரிலும் ரிமாண்ட் ரிப்போர்ட்டிலும் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சிறைப் பதிவேட்டில் ஏறும். ஆதாரில் "செல்வகுமார்" என்று இருப்பவர் எஃப்ஐஆரில் "செல்வம்" என்றோ, பட்டப்பெயரும் சேர்ந்தோ இருக்கலாம். தந்தை பெயரிலும் "சுப்ரமணி", "சுப்பிரமணியன்" என்ற சிறு வித்தியாசம் போதும், கணினியில் தேடும்போது ஆள் கிடைக்காமல் போக. ஒரே பெயரில் பலர் உள்ளே இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது தந்தை பெயரும் வயதும்தான்.

ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: கைதியின் பெயர், தந்தை பெயர், வயது, எந்தக் காவல் நிலையம், குற்ற எண், ரிமாண்ட் செய்த கோர்ட், ரிமாண்ட் தேதி. கைதி எண் கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு மற்றக் குழப்பங்கள் வெகுவாகக் குறைந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. மத்திய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேட்டின்படி, உள்ளே வரும்போதே கைதி தன்னைப் பார்க்க வரக்கூடியவர்களின் பட்டியலைத் தர வேண்டும். பதற்றத்தில் பலர் அம்மா, மனைவி பெயரோடு நிறுத்திவிடுவார்கள். அண்ணனோ, மாமாவோ, நண்பரோ போய்ப் பார்க்க வேண்டியிருந்தால், அவர்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லி வக்கீல் மூலம் முன்கூட்டியே தகவல் அனுப்புங்கள்.

3. நாள் குறிப்பது

மனு நாட்களையும் நேரத்தையும் சிறைக் கண்காணிப்பாளர்தான் வகுப்பார். விசாரணைக் கைதிக்கும் தண்டனைக் கைதிக்கும் கணக்கு வேறு. விசாரணைக் கைதியை அடிக்கடி பார்க்கலாம், தண்டனைக் கைதிக்கு இடைவெளி அதிகம். ஞாயிற்றுக்கிழமையையும் அரசு விடுமுறையையும் நம்பி வெளியூரிலிருந்து கிளம்ப வேண்டாம்.

இங்கே குடும்பங்களுக்குள்ளேயே பெரிய மனத்தாங்கல் வரும் ஒரு விஷயம் இருக்கிறது. மனுவுக்கான முறை கைதியின் பெயரில்தான் கணக்காகிறது, பார்க்க வருகிறவரின் பெயரில் இல்லை. திங்களன்று நண்பர்கள் போய்ப் பார்த்துவிட்டால், மறுநாள் நானூறு கிலோமீட்டர் பயணம் செய்து வரும் அம்மாவுக்கு முறை இல்லாமல் போகலாம். வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்து, யார் என்றைக்குப் போவது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நண்பர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது வாய்தா. ரிமாண்டை ஒரே முறையில் பதினைந்து நாளுக்கு மேல் நீட்டிக்க முடியாது. அதனால் குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவரைக் கோர்ட்டில் நேரிலோ வீடியோ வழியாகவோ ஆஜர்படுத்துவார்கள். நேரில் கூட்டிப்போகும் நாளில் ஆள் சிறையில் இருக்கமாட்டார். மாலை திரும்புவதற்குள் மனு நேரம் முடிந்துவிடும். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் பதினாறு இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி வந்துவிடும். எண் இல்லையென்றால் காவல் நிலையமும் எஃப்ஐஆர் எண்ணும் போட்டுத் தேடலாம். போலீஸ் கஸ்டடியில் எடுத்திருந்தால் அந்த நாட்களில் சிறையில் மனு கிடையாது. அதையும் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. இ-முலாகாத்தில் பதிவு செய்வது

தேசியச் சிறைத் தகவல் தளமான இ-பிரிசன்ஸில், "இ-முலாகாத்" என்ற பகுதியில் நேரடிச் சந்திப்புக்கும் வீடியோ சந்திப்புக்கும் பதியலாம். அரசுத் தளம், கட்டணம் இல்லை. பதிந்து தருகிறேன் என்று பணம் கேட்கும் ஆட்களிடம் ஆதார் நகலைக் கொடுத்துவிடாதீர்கள்.

படிவம் இரண்டு பாகம். முதல் பாகம் பார்க்கப் போகிறவருடையது: பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி, பாலினம், வயது, அடையாள அட்டையின் வகையும் எண்ணும், கைபேசி எண், மின்னஞ்சல். இரண்டாம் பாகம் கைதியுடையது: மாநிலம், சிறை, கைதியின் பெயர், தந்தை பெயர், வயது, உங்களுக்கு என்ன உறவு, சந்திப்பு நேரிலா வீடியோவிலா, என்றைக்கு. கூட வருகிறவர்களைச் சேர்க்கத் தனி இடம் இருக்கிறது. மாதிரிக் கையேட்டின்படி ஒரு மனுவுக்குச் சாதாரணமாக மூன்று பேர்தான்.

எல்லாம் நிரப்பி, படத்தில் தெரியும் எழுத்துகளைப் போட்டு அனுப்பினால் ஓடிபி வரும். ஓடிபியைப் போட்ட பிறகு வரும் பதிவு எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்: பதிவு வேறு, ஒப்புதல் வேறு. சிறை நிர்வாகம் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் மனு உறுதி. ஒப்புதல் விவரம் மின்னஞ்சலுக்கு வரும். பதிவு எண்ணைப் போட்டும் நிலையைப் பார்க்கலாம்.

இந்தப் படிவத்தில் தடுக்கி விழும் இடங்கள் தெரிந்தவைதான். சிறைப் பட்டியலில் பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் புழல் ஒன்றுக்குப் பதில் இரண்டைத் தேர்ந்தெடுத்துவிடுவது. நேரில் போக வேண்டியவர் வீடியோவைத் தேர்ந்தெடுத்துவிடுவது. கடைக்காரரைப் பதியச் சொல்லி, அவருடைய மின்னஞ்சலே பதிவாகிவிடுவது. ஒப்புதல் அவருக்குப் போகும், நீங்கள் காத்துக்கொண்டே இருப்பீர்கள். உங்களுக்கு மின்னஞ்சல் இல்லையென்றால், தினமும் எடுத்துப் பார்க்கும் பிள்ளைகளின் மின்னஞ்சலைக் கொடுங்கள்.

வீடியோ சந்திப்பு என்றால் மின்னஞ்சலில் இணைப்பும் பின் எண்ணும் வரும். குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே உள்ளே நுழைந்து, கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கொடுத்து வையுங்கள். நேரம் ஓட ஆரம்பித்த பிறகு அனுமதி கேட்கும் பெட்டி வந்தால், பாதிப் பேச்சு "கேட்குதா, கேட்குதா" என்பதிலேயே போய்விடும். உடம்பு முடியாத பெற்றோருக்கும் தூரத்தில் இருப்பவர்களுக்கும் வீடியோவே நல்லது.

5. கையில் என்ன, வெளியே என்ன

அசல் அடையாள அட்டை ஒன்றும் அதன் நகல் இரண்டும் ஒவ்வொருவருக்கும் வேண்டும். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் எந்த எண்ணைப் படிவத்தில் போட்டீர்களோ அதே அட்டையைக் கொண்டுபோங்கள். குழந்தைகளுக்கும் ஆதாரோ பிறப்புச் சான்றிதழோ எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு எண்ணை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் போனை வாங்கி வைத்துவிட்டால் அதைத் திறந்து காட்ட வழியிருக்காது.

போன், ஸ்மார்ட் வாட்ச், பென்டிரைவ், சிகரெட், பீடி, தீப்பெட்டி, புகையிலை, பிளேடு, பேனாக்கத்தி எதுவும் உள்ளே கூடாது. சட்டைப் பையில் மறந்துபோன ஒரு ஹான்ஸ் புகையிலைப் பொட்டலம்கூடப் பெரிய பிரச்சினையாகும். தடை செய்த பொருளை உள்ளே கொண்டுபோவதும், கொண்டுபோக முயல்வதும் 1894-ஆம் ஆண்டு சிறைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவில் குற்றம். யாரோ வாசலில் "இதை என் தம்பிகிட்ட கொடுத்துடுங்க அக்கா" என்று ஒரு சோப்பைக் கொடுத்தால்கூட வாங்காதீர்கள். சோப்புக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது; பிடிபடுவது உங்கள் கை.

துணி விஷயத்தில், விசாரணைக் கைதி வீட்டுத் துணியை வாங்கிக்கொள்ள அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது, சோதனைக்கு உட்பட்டு. லுங்கி, பனியன், உள்ளாடை, துண்டு, மெல்லிய போர்வை என்று எளிமையாகக் கொடுத்தால் சீக்கிரம் உள்ளே போகும். பெல்ட், கனத்த பார்டர், உள்துணி வைத்துத் தைத்த ஜாக்கெட் எல்லாம் திரும்பி வரும்.

மாத்திரையை நேராகக் கொடுக்க முடியாது. மருத்துவரின் சீட்டை நகலெடுத்து, சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு போன்ற தொடர் சிகிச்சை இருப்பதைச் சிறை மருத்துவரின் கவனத்துக்குக் கொண்டுபோகும்படி ஒரு கடிதமும் சேர்த்து அலுவலகத்தில் கொடுங்கள். முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது. பணமும் கையில் கொடுக்கக் கூடாது; கைதியின் பெயரில் உள்ள கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். கேன்டீனில் வாங்குவது அந்தக் கணக்கிலிருந்துதான்.

6. வாசலில் இருந்து கண்ணாடி வரை

மனு நேரம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். விவரம் பதிந்து, புகைப்படம் எடுத்து, சோதனை முடித்து, பெயர் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும். வயதானவர்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும் வெளியிலேயே முடித்துக்கொண்டு போவது நல்லது.

பார்க்க வருகிறவர்மீது சந்தேகம் இருந்தால் உடல் சோதனை செய்ய ஜெயிலருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கைதிகள் முன்னிலையிலோ மற்றப் பார்வையாளர் முன்னிலையிலோ அந்தச் சோதனையை நடத்தக் கூடாது என்று சிறைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. பெண்களைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும். சோதனைக்கு மறுத்தால் உள்ளே விடமாட்டார்கள்.

கண்ணாடித் தடுப்பும் இன்டர்காமும் உள்ள இடத்தில், ஒரு நேரத்தில் ஒருவர் காதில்தான் ரிசீவர் இருக்கும். மூன்று பேர் போனால் யார் முதலில், யாருக்கு எத்தனை நிமிடம் என்று வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்யுங்கள். குழந்தையை முதலில் பேசவிடுங்கள். அழ ஆரம்பித்தால் பிறகு யாருமே பேச முடியாது. கம்பி வலை உள்ள பழைய கூடத்தில் பக்கத்து ஆட்களின் சத்தம் மோதும். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினால்தான் அந்தப் பக்கம் புரியும்.

பேச்சு காவலரின் பார்வையிலும் காதிலும் படும் தூரத்தில்தான் நடக்கும். வீட்டு விஷயம், உடல்நிலை, ஜாமீன் மனு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா என்றைக்கு, இவை போதும். அன்றைக்கு என்ன நடந்தது, யார் சாட்சி என்பதையெல்லாம் அங்கே கேட்காதீர்கள். வக்கீல் சந்திப்பு மட்டும்தான் காவலர் காதுக்கு எட்டாத தூரத்தில் நடக்கும். வழக்கைப் பற்றிய பேச்சு அங்கேதான். வக்காலத்திலோ வங்கிக் காகிதத்திலோ கையெழுத்து வேண்டுமென்றால் மனுவின்போது நீட்டக் கூடாது. சிறை அதிகாரி சான்றளிக்க வேண்டும் என்பதால் அதை வக்கீல் மூலம் அனுப்புங்கள்.

கிளம்பும் முன், அவர் போனில் பேச விரும்பும் எண்களைச் சரியாகப் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். 2023-இல் தமிழ்நாட்டுச் சிறைகளில் இந்த வசதியை மாதம் பத்து முறை, முறைக்கு 12 நிமிடம் என்று உயர்த்தினார்கள். எண் தவறாக இருந்தால் அந்த முறைகள் எல்லாம் வீண்.

7. மறுத்தால்

மனுவை மறுக்கக் கண்காணிப்பாளருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். வாசலில் உள்ள வார்டரிடம் வாக்குவாதம் செய்வதால் ஒன்றும் நடக்காது. கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். உறவினரையும் வக்கீலையும் சந்திப்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று 1981-இல் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தடுப்புக் காவலில் இருப்பவருக்கே சொன்ன தீர்ப்பு அது. குண்டாஸில் இருப்பவரைப் பார்க்கவே முடியாது என்று யாராவது சொன்னால், எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம். போகும்போது, இரண்டாம் படியில் எழுதி வைத்த தாளையும் முத்திரை வாங்கிய நகலையும் எடுத்துச் செல்லுங்கள்.