பஸ் நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள்

மாணவர்களோடு வகுப்புக்கு வெளியேயும் பழக வேண்டும் என்று பேராசிரியர்கள் பேசாத நாளில்லை. கெடுவதெல்லாம் ஏற்பாட்டில்தான்.

முதல் தவறு நேரம். தருமபுரியில் நான் வேலை பார்த்த கல்லூரியில் ஒருமுறை மாலை நாலரை மணிக்குச் சந்திப்பு வைத்தோம். ஐந்தாவது நிமிடமே பின்வரிசைப் பெண்கள் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். கால் மணி நேரத்தில் வரிசையே காலி. ஆர்வமில்லாத பிள்ளைகள் என்று முணுமுணுத்தோம். மறுநாள் ஒருத்தி சொன்னாள்: "ஐந்து மணி பஸ்ஸை விட்டால், பென்னாகரத்திலிருந்து எங்கள் ஊருக்கு வண்டி கிடையாது சார்." மதிய இடைவேளைக்கு மாற்றினோம். டிபன் பாக்ஸில் ராகிக் களி கொண்டுவந்து மூடியால் மறைத்தே சாப்பிடும் ஒரு பையன், சக ஆசிரியர் ஒருவரும் களி உருண்டையை எடுத்து வைத்ததும் மூடியைக் கீழே வைத்துவிட்டான்.

அடுத்தது மேடை. பொன்னாடையும் வரவேற்புரையும் வந்துவிட்டால் அது இன்னொரு விழா. மாணவருக்குக் கைதட்டும் வேலைதான் மிஞ்சும். முதல் மதிப்பெண்காரர்களை மட்டும் கூப்பிடுவதும் வேண்டாம். அவர்கள் எப்படியும் வந்து பேசுவார்கள்.

மாணவர் பக்கமும் தவறு உண்டு. இன்டர்னல் மதிப்பெண் போடும் வாரத்தில் மட்டும் ஆசிரியர் அறை வாசலில் நிற்பவரை எந்த ஆசிரியருக்கும் அடையாளம் தெரியும்.

தனியாக வீட்டுக்கு அழைப்பது, இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் நலம் விசாரிப்பது, இவை இரண்டும் கூடவே கூடாது. நல்லெண்ணம் என்று விளக்கம் சொல்ல வேண்டிய நிலையே வரக் கூடாது. மரத்தடியில், நாலு பேர் பார்க்கப் பேசுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, சேர்ந்து செய்ய ஒரு வேலையும் இல்லாமல் "மனம் விட்டுப் பேசுங்கள்" என்பது. யார்தான் பேசுவார்கள்? தருமபுரி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை நடுகல் பார்க்கப் போனோம். ஆநிரை மீட்கப் போய் மாண்ட வீரனைப் பற்றி வரலாற்று ஆசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். வகுப்பில் வாய் திறக்காத ஒருவன் குறுக்கிட்டான்: "எங்கள் ஊர் ஏரிக்கரையில் இதே மாதிரி ஒன்று இருக்கிறது சார். வேடியப்பன் என்று பொங்கல் வைக்கிறோம்."

ஆசிரியர் விளக்கத்தை நிறுத்திவிட்டு அவன் ஊருக்கு எந்த பஸ் என்று கேட்டார்.