நற்செய்திக்குக் காது கொடுப்பவரிடம் செய்யக்கூடாதவை

ஊழியத்துக்குப் போன வீட்டுக்காரர் தண்ணீர் கொடுத்தார், திண்ணையில் உட்காரச் சொன்னார், துண்டுப்பிரதியையும் வாங்கிக்கொண்டார். உடனே 'திறந்த வீடு' என்று நோட்டில் குறித்துவிடுகிறோம். தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் வாசலுக்கு வந்த யாருக்கும் தண்ணீர் உண்டு; அது மரியாதை, அவ்வளவுதான். ஆர்வம் இருப்பவர் தானாகக் கேட்பார். போன தடவை பாதியில் விட்டதை நினைவு வைத்து, 'அப்புறம் என்ன ஆச்சு?' என்பார். அண்ணன் தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். மூன்று முறை போயும் நீங்களே பேசிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரே நாளில் தெரு முழுக்க ஏறி இறங்குவதும் வீண் வேலை. பைபிளில் லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களை அனுப்பும்போது வீடு வீடாகப் போகச் சொல்லவில்லை, ஏற்றுக்கொண்ட வீட்டிலேயே தங்கச் சொன்னார். இருநூறு பிரதி கொடுத்தால் பாதி பேருந்து நிறுத்தத்தில் கிடக்கும்.

ஆண்கள் பெங்களூரு கட்டட வேலைக்கோ ஓசூர் ஷிஃப்டுக்கோ போயிருக்கும் பகல் நேரத்தில் ஆண் ஊழியர் தனியாக ஒரு வீட்டுக்குள் போனால், பேச்சு அந்தப் பெண்ணின் மேல்தான் விழும். கணவன் மனைவியாகப் போங்கள், மாலை ஆறரைக்கு மேல், வாசலிலேயே உட்காருங்கள். மாங்காய் அறுப்பு நடக்கும் மே, ஜூனில் யாருக்கும் நேரமில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளி, பேரிகை, வேப்பனப்பள்ளியில் வீட்டுப் பேச்சு தெலுங்கோ கன்னடமோ. அதற்காகத் தெலுங்குப் புத்தகத்தை நீட்டிவிடாதீர்கள். தமிழில் படித்தவர்களுக்கு அந்த எழுத்து தெரியாமல் போகலாம். கேட்டுவிட்டு, போனில் ஒலிப்பதிவாகக் கொடுங்கள்.

'இரட்சிக்கப்பட்டீர்களா?', அதாவது பாவத்திலிருந்து மீட்கப்பட்டீர்களா, என்று ஆரம்பிப்பது சபைக்குள்ளேயே வளர்ந்தவர்களின் பழக்கம். வெளியில் இருப்பவருக்கு அந்தச் சொல்லே புரியாது. ஆதியாகமத்திலிருந்து படிக்கச் சொல்வதும் சரிப்படாது. லூக்கா 15:11 முதல் 32 வரை உள்ள கெட்ட குமாரன் கதை போதும், வெறும் 22 வசனம், நிதானமாகப் படித்தாலும் ஐந்து நிமிடம் ஆகாது. அப்பன் உயிரோடு இருக்கும்போதே இளைய மகன் சொத்தில் பாகம் கேட்கிற இடத்தில் நிறுத்தி, 'நம்ம ஊர்ல இப்படிக் கேட்டா?' என்று விட்டுவிடுங்கள். பங்காளிச் சண்டை பார்த்த யாரும் பதில் சொல்வார். திரும்பி வந்தவனை அப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதை அதற்குப் பிறகு படித்தால்தான் அதன் கனம் தெரியும். விளக்கவுரை வேண்டாம். தொடர்ந்து படிக்க விரும்பினால் மாற்கு நற்செய்தி, 16 அதிகாரம்தான்.

இனி வருபவை ஆளையே கெடுக்கும் தவறுகள். நோய்க்காக ஜெபிக்கலாம், அவர் சம்மதித்தால். 'மாத்திரையை நிறுத்துங்கள்' என்று ஒருபோதும் சொல்லக்கூடாது, சர்க்கரைக்கும் வலிப்புக்கும் அது உயிர்ப் பிரச்சினை. பணம், வேலை, பள்ளி சீட் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளைக் கூட்டத்துக்கு அழைக்கக்கூடாது. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சாதிச் சான்றிதழ் விஷயத்தை மறைக்காதீர்கள். பட்டியல் சாதிகள் பற்றிய 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராகும் பட்டியல் சாதியினர் அந்தத் தகுதியை இழப்பார்கள். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோராகக் கணக்கில் வருவார்கள். சித்தேரி மலையில் வாழும் மலையாளிகள் (கேரளத்தவர் அல்ல) போன்ற பழங்குடியினருக்கு அந்த ஆணை பொருந்தாது. மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கை வரும்போது இது முதல் தடவையாகத் தெரியவந்தால், ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் அந்தக் குடும்பம் நினைக்கும், அது நியாயமும்கூட.

போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். உங்களுக்கு அது ஊழிய அறிக்கை. அவருக்கோ மறுநாள் காலை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பதில் சொல்ல வேண்டிய விஷயம்.