லைப்பேஸ் நிரப்பிய குழலில் ஒரு பசுமை வினை: கல்லூரி லேபில் செய்து பார்க்க

தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ எம்.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு ஓசூர் பக்கம் மருந்துக் கம்பெனி வேலையைக் குறிவைத்திருப்பவர்கள் கழிவைக் குறைக்கப் பார்க்கும் இந்தப் பசுமை வினையை ஒருமுறை கையால் செய்து பார்த்துவிடுங்கள். நுண்ணிய கால்வாய்களில் வினையை ஓடவிடும் விலையுயர்ந்த கண்ணாடிச் சில்லு, அதாவது மைக்ரோ ரியாக்டர், எதுவும் தேவையில்லை.

எடுத்துக்கொள்ளும் வினை 1-ஃபினைல்எத்தனால் என்ற ஆல்கஹாலுக்கும் வினைல் அசிட்டேட்டுக்கும் இடையில். இந்த ஆல்கஹாலில் இடது கை, வலது கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான ஆர், எஸ் என்ற இரு வடிவங்கள் சரிபாதியாகக் கலந்திருக்கும். என்சைம், ரெசின் மணிகளில் ஏற்றி விற்கப்படும் கேண்டிடா அண்டார்க்டிகா லைப்பேஸ் பி. இது ஆர் வடிவ ஆல்கஹாலை மட்டும் எஸ்டராக்கும், எஸ் வடிவத்தைக் கிட்டத்தட்ட சீண்டாது, அதனால் வினை பாதியில் தானாகவே நின்றுவிடும்.

5 மி.மீ. உள்விட்டமும் 15 செ.மீ. நீளமும் உள்ள கண்ணாடிக் குழலில் ஒரு கிராம் மணிகளை நிரப்பி, இரு முனையிலும் கண்ணாடிப் பஞ்சு வையுங்கள். மைக்ரோ ரியாக்டரின் ஒரு மி.மீ.க்கும் குறைவான கால்வாயில் இந்த மணிகள் அடைத்துக்கொள்ளும்; இங்கே மணிகளுக்கு நடுவிலுள்ள இடுக்குகளே அந்தக் கால்வாயின் வேலையைப் பார்க்கின்றன. குடுவையில் போட்டுக் காந்தக் கலக்கியைச் சுற்றவிட்டால் மணிகள் அரைபட்டு என்சைம் வீணாகும், குழலில் அந்தத் தொல்லை இல்லை.

100 மி.லி. ஹெப்டேனில் ஆல்கஹால் 1.22 கிராம், வினைல் அசிட்டேட் 1.72 கிராம் கரைத்து, கண்ணாடி சிரிஞ்சில் எடுங்கள் (ரப்பர் முனை உள்ள பிளாஸ்டிக் சிரிஞ்ச் வேண்டாம், கரைப்பானில் ஊறி வீங்கும்). குழலை 40 டிகிரி நீரில் நிறுத்தி, காற்றுக்குமிழி வெளியேறும்படி கீழிருந்து மேலாகச் செலுத்துங்கள். வேகம் எவ்வளவு? குழலைக் காய்ந்த நிலையில் ஒருமுறை, ஹெப்டேன் நிரப்பி ஒருமுறை எடை போட்டு, வித்தியாசத்தை 0.68-ஆல் வகுத்தால் காலி இடத்தின் கன அளவு வரும். அது 1 மி.லி. என்றால் நிமிடத்துக்கு 0.1 மி.லி. விட, திரவம் உள்ளே 10 நிமிடம் இருக்கும். மாற்றம் பாதியை எட்டவில்லையா, வேகத்தைக் குறையுங்கள். அசிட்டால்டிஹைடு வெளிவரும், ஹெப்டேன் எளிதில் தீப்பிடிக்கும், அதனால் எல்லாமே புகைக்கூண்டுக்குள்தான்.

டி.எல்.சி. (மென்படல நிறப்பிரிகை) தட்டில் எஸ்டர் உருவானது தெரியும், ஆர்-எஸ் வித்தியாசம் தெரியாது. சிலிக்கா நிரப்பிய பிரிப்புக் குழலில் (column) எஸ்டரையும் மீந்த ஆல்கஹாலையும் பிரித்து, அந்த ஆல்கஹாலை போலாரிமீட்டரில் (முனைவுற்ற ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கும் கருவி) பாருங்கள்.

சரி, இதில் பசுமை எங்கே? ஹெப்டேனை வடித்து மறுபடி பயன்படுத்தினால்தான் உண்டு. ரோஜர் ஷெல்டன் 1992-இல் சொன்ன ஈ-ஃபேக்டரை, அதாவது ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்பதை, கரைப்பானையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மருந்துத் துறையில் அது 25-லிருந்து 100-க்கு மேலும் போகும். ஆர், எஸ் இரண்டில் வேண்டாத பாதியைத் தூக்கிப் போட்டாலும் கணக்கு கெடும். அதனால்தான் பெரிய அளவில், கீட்டோனிலிருந்து நேராக ஒரே வடிவத்தைத் (அமீனாக) தரும் டிரான்ஸ்அமினேஸ் என்ற என்சைம் எனக்குப் பிடிக்கும். சர்க்கரை நோய் மருந்தான சிட்டாகிளிப்டின் தயாரிப்பில் மெர்க் மருந்து நிறுவனமும் கோடெக்சிஸ் என்ற என்சைம் நிறுவனமும் அப்படித்தான் ரோடியம் வினையூக்கியையும் உயர் அழுத்த ஹைட்ரஜனையும் கைவிட்டன.

நீரில் வேலை செய்யும் என்சைமுக்கு மாறினால் வடித்த நீர் மட்டும் எடுங்கள். நம் மாவட்டங்களின் போர்வெல் தண்ணீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு உண்டு, அது சில என்சைம்களை முடக்கும். வேலை முடிந்ததும் குழலை வெறும் ஹெப்டேனால் கழுவி, முனைகளை அடைத்து, தேதி எழுதி, தீப்பிடிக்கும் பொருள் வைக்கத் தகுந்த லேப் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அடுத்த பேட்ச்சுக்கு அதே மணிகள் போதும்.