ஊர்க்குழு வளரும்போது இடறும் இடங்கள்

குளத்தைச் சுத்தம் செய்யப் பத்துப் பேரைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை. சித்திரையில் குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது ஒரு வாட்ஸ்அப் தகவல் போட்டால் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். முதல் குளத்தில் தண்ணீர் நின்றபிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கும். பக்கத்து ஊர் கூப்பிடும், வெளிநாட்டிலிருந்து பணம் வரும், வாட்ஸ்அப்பில் முந்நூறு பேர் சேர்வார்கள். கணக்கு எழுதுவது மட்டும் பழைய நாற்பது பக்க நோட்டிலேயே நடக்கும். தமிழ்நாட்டு ஊர்க்குழுக்கள் அதிகம் இடறுவது இந்தக் கட்டத்தில்தான்.

வசூல் யார் கணக்கில்?

ஒருவருடைய ஜிபே எண்ணைப் போட்டு வசூலிப்பதுதான் முதல் தவறு. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், வங்கிப் பதிவில் அது அவர் பணம்தான். வருமான வரிக் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. மனஸ்தாபத்தில் விலகினாலோ, இறந்துபோனாலோ பணம் அந்தக் கணக்கிலேயே மாட்டிக்கொள்ளும். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும் என்றால் பதிவு வேண்டும், பான் எண் வேண்டும், கணக்குத் தொடங்கும் தீர்மானம் வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் எந்த இருவர் கையெழுத்திட்டாலும் பணம் எடுக்கலாம் என்று வைப்பது நல்லது. மூவரும் போட வேண்டும் என்றால் ஒருவர் வெளியூர் போன வாரத்தில் டீசலுக்குப் பணம் எடுக்க முடியாது.

ரசீதிலும் ஒரு பொறி இருக்கிறது. நாலு தெருவுக்கு நாலு ரசீதுப் புத்தகம் கொடுப்பார்கள். எந்தப் புத்தகம் யாரிடம், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று ஒரு பதிவேடு இருக்காது. ஆறு மாதம் கழித்து ஒரு புத்தகம் திரும்பி வராதபோது, அதில் இருநூறு ரூபாய் வசூலானதா, இருபதாயிரமா என்று யாராலும் சொல்ல முடியாது. வதந்திக்கு அது போதும். புத்தகம் வாங்குபவர் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும், அடிக்கட்டையோடு திருப்பித் தரட்டும். மாதம் ஒருமுறை வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதிச் சாவடியிலோ டீக்கடைச் சுவரிலோ ஒட்டலாம். யாரோ இலவசமாகக் கொடுத்த ஜேசிபி மணிநேரம், டீசல், சாப்பாடு எல்லாவற்றையும் மதிப்புப் போட்டு அதில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த குளத்துக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று குழுவுக்கே தெரியாது.

பதிவைத் தள்ளிப்போடுவது

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் சங்கம் பதியலாம். உறுப்பினர் இருபதைத் தொட்டாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம். பத்தாயிரம் என்பது ஏறக்குறைய ஒரு நாள் ஜேசிபி வாடகை. ஆகவே எந்தக் குழுவும் முதல் கோடையிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

பைலாவை, அதாவது சங்க விதிமுறைகளை, வேறொரு சங்கத்திடமிருந்து அப்படியே காப்பியடிப்பது அடுத்த வினை. கபடிக் குழுவின் பைலாவில் நீர்நிலை என்ற சொல்லே இருக்காது. பொதுக்குழுவுக்குப் பாதி உறுப்பினர் வந்தாக வேண்டும் என்று எழுதியிருந்தால், அறுபது பேர் உள்ள சங்கத்தில் கூட்டமே செல்லாமல் போகும். நிர்வாகிகள் மாறியதைப் பதிவாளரிடம் தெரிவிக்காமல் விட்டால், வங்கி பழைய பொருளாளரின் கையெழுத்தையே கேட்டுக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டுப் பணத்தில் கூடுதல் கவனம் தேவை. சிங்கப்பூரில் வேலை செய்யும் மாமா இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், அவர் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம். குடியுரிமை மாறியிருந்தால், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம், 2010-இன்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. அதை வாங்கத் தனி அனுமதி வேண்டும், புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வாங்க வேண்டும். பணம் வந்த பிறகு விசாரிப்பதைவிட, வருமுன் கடவுச்சீட்டு நகல் கேட்பது மேல். சங்கடமாகத்தான் இருக்கும், கேளுங்கள்.

குளம் யாருடையது?

ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரி நீர்வளத் துறையுடையது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. குட்டை, ஊருணி பெரும்பாலும் ஊராட்சியிடம் இருக்கும். ஊராட்சித் தலைவர் வாய்வார்த்தையாகச் சரி என்றதை நம்பி இயந்திரத்தை இறக்கினால், யாராவது புகார் கொடுத்த அன்று வேலை நிற்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். கோடை வேலைக்கு மார்ச் 22 கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிட வேண்டும், மே 1 பிந்திவிடும். வண்டல் மண்ணை வெளியே ஏற்றிச் செல்லத் தனி அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் டிராக்டரைப் பிடித்துக்கொண்டு போவார்கள், அதோடு டிராக்டர்காரரும் குழுவை விட்டுப் போய்விடுவார்.

அளவு தெரியாமல் அறிவிப்பது இன்னொரு பழக்கம். ஒரு ஏக்கர் குளத்தில் ஓரடி மண் எடுத்தால் 43,560 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்பதால் 435 யூனிட். டிப்பருக்கு ஒரு யூனிட் என்றால் 435 நடை. வெட்டிய மண் உப்பும் என்பதால் நடை இன்னும் கூடும். மணிக்குப் பத்து நடை நிரப்பினாலும் இயந்திரம் 43 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். நாலு ஏக்கரை இரண்டே நாளில் முடிப்போம் என்று நோட்டீஸ் அடிக்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. கரையை ஒட்டித் தோண்டினால் கரை சரியும்.

மரக்கன்றும் அப்படித்தான். ஆயிரம் கன்றுக்குத் தலைக்குப் பத்து லிட்டர் என்றால் ஒரு முறைக்கு 10,000 லிட்டர், ஐயாயிரம் லிட்டர் டேங்கரில் இரண்டு நடை. கோடையில் வாரம் இருமுறை, இரண்டு கோடைக்கு இப்படி ஊற்ற வேண்டும். நட்ட அன்று வந்த கூட்டம் அதற்கு வராது. நூறு கன்று நட்டு எண்பதைப் பிழைக்க வைப்பது புகைப்படத்தில் எடுபடாது, நிழலில் எடுபடும்.

ஆள் கணக்கு

வாட்ஸ்அப் எண்ணிக்கையை ஆள் பலம் என்று நம்பாதீர்கள். கடந்த மூன்று மாதத்தில் இருமுறையாவது வந்தவர்களை மட்டும் எண்ணுங்கள். அப்படி ஆறு பேர் இருந்தால் ஒரு வேலையைத் தொடர்ந்து நடத்தலாம். இரண்டாவது வேலைக்கு இன்னொரு ஆறு பேர் வேண்டும். புதிதாக வருபவரிடம் "முடிஞ்சப்ப வாங்க" என்றால் வரமாட்டார். "ஞாயிறு காலை ஆறரைக்கு, கலிங்கு பக்கம் நாற்பது கன்று உங்க பொறுப்பு" என்றால் வருவார்.

இரவு ஒன்பது மணிக்கு டீக்கடையில் கூட்டம் போட்டுவிட்டுப் பெண்கள் வருவதில்லை என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. நூறு நாள் வேலையில் அதே குளத்தை வெட்டிய பெண்களுக்கு, வரத்துக்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியும். எந்தத் தெரு ஊருணி முதலில் என்ற கேள்வியையும் டீக்கடையில் முடிவு செய்யக் கூடாது. சாதிச் சண்டையாக மாறக்கூடிய கேள்வி அது. எல்லாத் தெரு ஆட்களும் இருக்கும் பொதுக்குழுவில் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். பேனரில் கட்சிக்காரர் படம் கூடாது என்பதையும் அதே புத்தகத்தில், தேர்தல் அறிவிக்கும் முன்பே எழுதிவைத்தால் பிறகு யாரையும் தனியாக மறுக்க வேண்டியிருக்காது.

கடைசியாக, எல்லாம் ஒருவர் தலையில் இருப்பது. செயலாளர் துபாய்க்குப் போகிறார் என்றால் இயந்திரக்காரர் எண், மின்னஞ்சல் கடவுச்சொல், அனுமதிக் கடித நகல், கொடுக்க வேண்டிய பாக்கி எல்லாம் அவரோடு விமானம் ஏறும். ஒவ்வொரு பொறுப்புக்கும் துணை ஆள் ஒருவரைப் போட்டு, ஆண்டில் ஒரு மாதம் அவரையே முழு வேலையையும் பார்க்க விடுங்கள். நோட்டில் எது எழுதப்படவில்லை என்பது அந்த மாதத்தில் தெரிந்துவிடும்.