"தப்பாக ஒன்றும் நினைக்கவில்லையே?" என்று கேட்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியின் ஒரு கோயில் மண்டபத்தில், தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்களிடம் எப்படிப் பேசுவது என்று புதுத் தொண்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். திட்டக் கூடாது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நல்ல மனதோடு செய்கிற தவறுகள்தான் தொல்லை. புதிதாக வருகிற ஒவ்வொரு குழுவும் அதே தவறுகளைத்தான் செய்கிறது.

சும்மா மிரட்டுகிறான் என்று ஒதுக்குவது

சொல்லிவிட்டுச் செத்தவர்கள் நிறையப் பேர். சொன்னால் நம்புங்கள்.

கேட்பதுபோல் கேட்காமல் விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பயிற்சியில் ஒருவர் வேலை போனவராக நடிப்பார், மற்றவர் பேச்சுக்கொடுப்பார். நன்றாகவே போகும். கேட்டே ஆக வேண்டிய இடம் வந்ததும் தொண்டர் நாற்காலியில் நெளிவார், தேநீர்க் கோப்பையை ஒருமுறை பார்ப்பார், அப்புறம் "தப்பாக ஒன்றும் நினைக்கவில்லையே, அண்ணா?" என்பார். எதிரில் இருப்பவர் "சேச்சே" என்பார். இருவருக்கும் அப்பாடா என்றிருக்கும். ஆங்கிலத்தில் கேட்டாலும் இதே நெளிவுதான். "இல்லை என்று சொல்லிவிடு, எனக்குப் பயமாக இருக்கிறது" என்பதைத்தான் அந்தக் கேள்வி எதிராளியிடம் சொல்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்) துணி ஆலை மூடியதில் வேலையிழந்தவர். வருடம் தவறாமல் தைப்பூசக் காவடி எடுப்பவர். குடி கூடியது, தூக்கம் போனது. "நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் செலவு மிச்சம்" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறார். ஆசையாக வளர்த்த குருவிகளைக் கூண்டோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். காவடியைத் தம்பி மகனிடம் கொடுத்து, "இனி நீ எடு" என்றார். பையனுக்குப் பக்தி வந்துவிட்டது என்று பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். குடியைப் பார்த்தவர் ஒருவர், குருவியைப் பார்த்தவர் இன்னொருவர், யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அவருடைய அக்காவுக்கு மட்டும் மனது உறுத்தியது. கேட்டார், அதே கேள்விதான்: "தப்பாக ஒன்றும் நினைக்கவில்லையே, தம்பி?" அவர் சிரித்து மழுப்பினார். அந்த வாரமே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். பக்கத்து வீட்டுக்காரர் தற்செயலாக வந்ததால் பிழைத்தார். "நேராகக் கேட்டிருந்தால் அக்காவிடம் சொல்லியிருப்பேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார். அக்காவை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பயிற்சிக்கு வந்த பிறகும் அப்படியே கேட்பவர்களைத்தான் சொல்கிறேன்.

இப்படிக் கேளுங்கள்: "இவ்வளவு கஷ்டத்தில் இருந்தால் சிலருக்கு உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும். நீங்கள் தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறீர்களா?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் பேசட்டும். இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கேட்பதால் எண்ணம் வளர்வதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. பலருக்கு அது பாரம் இறங்கியதுபோல இருக்கிறது.

ஆமாம் என்றால் பதறாதீர்கள். எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா, அதற்கானது கைவசம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பதில் எவ்வளவு திட்டவட்டமாக வருகிறதோ அவ்வளவு அவசரம். அப்போது ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு 10177, செல்பேசியிலிருந்து 112. இல்லாவிட்டால் நீங்களே ஆர். கே. கான் போல அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்பவர்கள் உண்டு. தற்கொலைக்கு முயல்வது தென்னாப்பிரிக்காவில் குற்றமல்ல. ஆபத்தான நிலையில் அவர் வர மறுத்தால், 2002ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி வீட்டார் விண்ணப்பித்து, 72 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துப் பார்க்கச் செய்ய முடியும்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்வது

செய்யாதீர்கள்.

பிள்ளைகளை நினைத்துப் பார் என்பது

நினைத்துப் பார்த்துத்தான், தான் அவர்களுக்குச் சுமை என்று அவர் முடிவு கட்டியிருக்கிறார். நீங்கள் அதன் மேல் குற்ற உணர்ச்சியையும் ஏற்றிவைக்கிறீர்கள்.

அர்ச்சனையோடு நிறுத்திக்கொள்வது

நேர்த்திக்கடன் வையுங்கள், குருக்களைப் பாருங்கள். நம்மவர்களில் பலருக்கு அது உண்மையிலேயே தெம்பு தருகிறது. மருத்துவரையும் பாருங்கள்.

வீட்டைச் சரிபார்க்காமல் கிளம்புவது

மாத்திரைகள், பூச்சிமருந்து, துப்பாக்கி எதுவானாலும் அன்றே வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும். "மனது வைத்துவிட்டால் வேறு வழி தேடுவான்" என்று வகுப்பில் யாராவது வாதம் செய்வார்கள். இலங்கையில் 1995இல் மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியானது. அந்த வெறி மூண்ட நேரத்தைக் கடந்துவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

முகம் தெளிந்ததும் விட்டுவிடுவது

மாதக்கணக்கில் வாடிக் கிடந்தவர் திடீரென்று அமைதியானால், முதலில் சந்தேகப்படுங்கள். முடிவெடுத்துவிட்ட நிம்மதியாகவும் அது இருக்கலாம். மறுபடி நேராகக் கேளுங்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே பல வாரமாகும். உறவினர் கூட்டமோ முதல் ஞாயிறு பிரியாணியோடு வந்துவிட்டு அப்புறம் காணாமல் போய்விடும். யார் எந்த நாள் வருவது, இரவில் யார் கூட இருப்பது, மாத்திரையை யார் வைத்துக் கொடுப்பது என்று வீட்டார் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் சாடாக் (SADAG) அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், வீட்டாரும் அழைத்து யோசனை கேட்கலாம். அவருடைய செல்பேசியில் நீங்களே அதைப் பதிந்து கொடுங்கள்.